பள்ளிவாசல் யாருக்குச் சொந்தம்? கட்டியவரின் வாரிசுகளுக்கு அதில் என்ன உரிமை?

இளம்பிறை கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.

எங்கள் பாட்டனார் தமக்குச் சொந்தமான நிலத்தில், தம் பணத்தைக் கொண்டே ஒரு பள்ளிவாசலைக் கட்டி, ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் எல்லாருக்குமாகத் திறந்துவிட்டார். உயிரோடு இருந்தவரை அவரே நிர்வாகத்தைக் கவனித்தார். அவருக்குப் பின் பெரிய தந்தையும் என் தந்தையும் கவனித்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகளாகிய எங்களிடம் பொறுப்பு வந்திருக்கும் நிலையில், குடும்பத்தாருக்கும் அங்கே தொழுகிற ஜமாஅத்தாருக்கும் இடையே கடுமையான மனவருத்தம் ஏற்பட்டிருக்கிறது.

நிலமும் செலவும் பாட்டனாருடையவை என்பதால், தொழுகை நடத்தும் இமாமை வைப்பதும் நீக்குவதும், யார் பயான் (மார்க்க உரை) செய்யலாம் என்று முடிவெடுப்பதும், வரவு செலவை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்வதும் தங்கள் உரிமை என்று என் குடும்பத்தாரில் சிலர் சொல்கிறார்கள். ஜமாஅத்தாரோ, பள்ளி அல்லாஹ்வுடையது என்றான பிறகு உங்கள் குடும்பத்துக்கு அதில் என்ன வேலை, தொழுகிறவர்களில் பெரும்பான்மையோர் எதைச் சொல்கிறார்களோ அதுதான் நடக்க வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்குச் சேர்ந்த திறந்தவெளியில் ஒரு பகுதியை விற்று, அந்தப் பணத்தில் கட்டடத்தைப் புதுப்பிக்கலாம் என்றும் அவர்களில் ஒரு சாரார் பேசிவருகிறார்கள். இரு தரப்பாரும் குர்ஆன் வசனங்களையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

என் குடும்பத்துக்குச் சாதகமான விடையை நான் தேடவில்லை. நாளை மறுமையில் என்னிடமும் இது குறித்துக் கேட்கப்படும் என்ற அச்சத்தோடு கேட்கிறேன். பள்ளிவாசலின் உடைமை யாருக்குரியது? கட்டியவரின் வாரிசுகளுக்கு ஏதேனும் உரிமை எஞ்சியிருக்கிறதா? நிர்வாகம் செய்கிறவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? மார்க்க நூல்களைப் படித்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


நூல்தேடி எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். சகோதரர் இளம்பிறை அவர்களுக்கு,

உடைமை யாருடையது என்பதும், பொறுப்பு யாருடையது என்பதும் உங்கள் கேள்வியில் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் குடும்பத்தார் பொறுப்பு தங்களிடம் இருந்துவந்ததைக் காட்டி உடைமையைக் கோருகிறார்கள். ஜமாஅத்தார் உடைமை அல்லாஹ்வுடையது என்ற உண்மையைச் சொல்லிப் பொறுப்பில் உங்களுக்குப் பங்கே இல்லை என்கிறார்கள். இரு தரப்பாரும் சரியான இடத்தில் தொடங்கித் தவறான முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். பொறுப்பைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். உடைமையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

"பள்ளிவாசல்கள் அல்லாஹ்வுக்கே உரியவை, எனவே அல்லாஹ்வுடன் வேறு எவரையும் அழைக்காதீர்கள்" என்பது ஜின் அத்தியாயத்தின் 18ஆம் வசனம். வானங்களும் பூமியும் அல்லாஹ்வுக்கே உரியவை என்று குர்ஆன் பல இடங்களில் சொல்லியிருந்தும், நம் வீட்டையும் தோட்டத்தையும் நாம் விற்கிறோம், வாங்குகிறோம், வாரிசுகளுக்கு விட்டுச் செல்கிறோம். பள்ளிவாசலின் நிலை அப்படிப்பட்டதல்ல. மனிதனுக்கு அனுமதிக்கப்பட்ட அந்த உடைமையும் விலகிப்போன இடம் அது. இதில் ஹனஃபி, மாலிக்கி, ஷாஃபிஈ, ஹன்பலி என்ற நான்கு மத்ஹபுகளின் (மார்க்கச் சட்ட மரபுகளின்) அறிஞர்களும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஏனென்றால், பொதுவான வக்ஃபு (அறத்துக்கென ஒதுக்கிய) சொத்துகளின் உடைமையைப் பற்றி அவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் தம் நிலத்தை ஏழைகளுக்கென வக்ஃபு செய்தால், காழியின் (மார்க்க நீதிபதியின்) தீர்ப்பு போன்ற ஒன்றால் அது உறுதிப்படாதவரை அவர் அதைத் திரும்பப் பெறலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் முன்னோடியான இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. வக்ஃபு செய்தவரின் உடைமை நீங்குவதில்லை, பயன் மட்டுமே பிறருக்குச் செல்கிறது என்பது மாலிக்கி மத்ஹபின் பொதுவான நிலைப்பாடு. ஆனால் பள்ளிவாசல் என்று வந்ததும் இவர்களும் விதிவிலக்குச் செய்கிறார்கள். மாலிக்கி அறிஞர் கராஃபி, பள்ளிவாசலை வக்ஃபு செய்வதை அடிமையை விடுதலை செய்வதோடு ஒப்பிடுகிறார். விடுதலை பெற்றவர் பழைய எசமானிடமிருந்து வேறொருவரின் உடைமைக்கு மாறுவதில்லை. எவருடைய உடைமையாகவும் இல்லாமல் போகிறார். பள்ளிவாசலும் அப்படியே.

எந்தக் கணத்தில் ஓரிடம் பள்ளிவாசல் ஆகிறது என்பதில் ஹனஃபி இமாம்களுக்குள் ஒரு நுணுக்கமான வேறுபாடு இருக்கிறது. "இதைப் பள்ளிவாசலாக ஆக்கிவிட்டேன்" என்று உரிமையாளர் சொன்ன அளவிலேயே அவருடைய உடைமை நீங்கிவிடுகிறது என்பது இமாம் அபூயூசுஃப் அவர்களின் கருத்து. இமாம் அபூஹனீஃபாவும் இமாம் முஹம்மதும், அவர் அந்த இடத்தைத் தம் சொத்திலிருந்து வழியோடு பிரித்து, மக்களுக்கு அனுமதி அளித்து, அங்கே தொழுகையும் நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் பாட்டனார் கட்டிய பள்ளியைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டுக்கு வேலையே இல்லை. ஐவேளையும் ஜும்ஆவும் தலைமுறைகளாக நடந்துவரும் இடம் எந்தக் கருத்தின்படி பார்த்தாலும் அவருடைய சொத்திலிருந்து என்றோ வெளியேறிவிட்டது. எனவே அவர் விட்டுச் சென்ற சொத்துகளில் அது சேரவில்லை. சேராத ஒன்று வாரிசுகளுக்கு வருவதற்கு வழியில்லை.

மதீனாவில் மஸ்ஜிதுன் நபவி எழுந்த நிலத்தின் கதையை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமாக, பேரீச்சம்பழம் உலர்த்தும் களமாக இருந்தது. நபி (ஸல்) அவர்கள் விலை பேசியபோது, அவர்கள் அன்பளிப்பாகவே தருகிறோம் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று இமாம் புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. மனிதர்களின் உடைமை எவ்வளவு மதிக்கப்பட வேண்டியது என்பதை இது காட்டுகிறது. முறையாகப் பெறப்படாத நிலத்தில் பள்ளிவாசல் எழக்கூடாது. முறையாகப் பெற்று எழுந்த பிறகோ எவரும் அதைத் திரும்பக் கேட்கவும் கூடாது.

பாட்டனாரின் பெயரால் அந்தப் பள்ளியை மக்கள் அழைத்துவந்தால் அதை மாற்ற வேண்டிய அவசியமில்லை. "இன்ன கூட்டத்தாரின் பள்ளிவாசல் என்று சொல்லலாமா?" என்றே இமாம் புகாரி ஒரு பாடத்துக்குத் தலைப்பிட்டு, அதன் கீழ் 'பனூ ஸுரைக் பள்ளிவாசல்' என்ற பெயர் வருகிற குதிரைப் பந்தய ஹதீஸைப் பதிவுசெய்கிறார். இப்ராஹீம் நகஈ அவர்கள் இப்படி அழைப்பதை விரும்பவில்லை. பெரும்பாலான அறிஞர்கள் அனுமதித்தார்கள். ஒரு பள்ளியை அடையாளம் காட்ட ஒரு பெயர் வேண்டும், அவ்வளவே.

இனி ஜமாஅத்தாருக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தாருக்கு உடைமை இல்லை என்றால் அது தங்களுக்கு வந்துவிட்டது என்று அவர்கள் எண்ணினால், அதே தவற்றை அவர்களும் செய்கிறார்கள். தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை எவ்வளவு பெரிய பெரும்பான்மையாலும் விற்க முடியாது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, அசலை நிறுத்திவைத்து விளைச்சலை அறமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக வழங்கப்படாது, வாரிசுரிமையாகவும் செல்லாது என்று உமர் (ரலி) அவர்கள் நிபந்தனை விதித்தார்கள். வக்ஃபுச் சட்டம் முழுவதற்கும் அடித்தளமாக அமைந்தது இந்த நிகழ்ச்சியே. ஷாஃபிஈ, மாலிக்கி அறிஞர்கள் பாழடைந்த பள்ளிவாசலின் இடத்தைக்கூட விற்கக் கூடாது என்கிறார்கள். ஹனஃபிகளில் இமாம் முஹம்மது, மக்கள் முற்றிலும் கைவிட்டுவிட்ட பள்ளி, கட்டியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ திரும்பும் என்று சொன்னபோதும், அது கியாமத் (இறுதி) நாள் வரை பள்ளியே என்ற அபூயூசுஃப் அவர்களின் கருத்துப்படியே ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வழங்கப்பட்டிருக்கிறது. ஹன்பலி மத்ஹப் மட்டுமே, பயன் முற்றிலும் அற்றுப்போன நிலையில் விற்று வேறிடத்தில் பள்ளி அமைக்க இடம் தருகிறது. கூஃபாவின் பொது நிதிக் கருவூலத்தில் திருட்டு நடந்தபோது, பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றும்படி உமர் (ரலி) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்கு எழுதியதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதுவும் கட்டாயமான தேவைக்குரிய தீர்வு. தொழுகை தடையின்றி நடந்துவரும் பள்ளியின் நிலத்தை விற்று அழகுபடுத்துவதற்கு அதில் இடமே இல்லை.


அமானிதம் எழுதியது:

நூல்தேடி அவர்களின் விளக்கம் முழுமையானது. உடைமை இல்லை என்பதைக் கேட்டதும் குடும்பத்தார் மனம் ஒடிந்து ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக, அவர்களுக்கு இருக்கிற உரிமையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பள்ளிவாசலைக் கட்டியவருக்கு அதன் மீது ஒரு தனிப்பட்ட நெருக்கம் உண்டு என்பதை ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் மறுக்கவில்லை. ஹனஃபி மத்ஹபில் தேர்ந்தெடுக்கப்பட்ட கருத்து என்னவென்றால், இமாமையும் பாங்கு சொல்லும் முஅத்தினையும் நியமிப்பதில் மற்றவர்களைவிடக் கட்டியவரே முன்னுரிமை பெற்றவர்; ஆனால் அவர் நியமித்தவரைவிடத் தகுதியானவரை மக்கள் முன்வைத்தால் மக்களின் தேர்வே நிற்கும். இந்த இரண்டாவது பகுதியைக் குடும்பத்தாரும், முதல் பகுதியை ஜமாஅத்தாரும் மனத்தில் இருத்தினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஷாஃபிஈ அறிஞரான மாவர்தி (மறைவு ஹிஜ்ரி 450) இன்னும் ஒரு படி மேலே சென்று, பள்ளியைக் கட்டியவரும் அதன் அண்டை வீட்டாரும் இமாமத்திலும் (தொழுகை நடத்துவதிலும்) பாங்கிலும் சமமானவர்களே என்கிறார். எனவே கட்டியவரின் முன்னுரிமையே அறிஞர்களிடையே கருத்து வேறுபாட்டுக்கு உரியது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்.

நிர்வாகப் பொறுப்பைப் பொறுத்தவரை, வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையே முதலில் பார்க்கப்பட வேண்டியது. முத்தவல்லி (வக்ஃபு நிர்வாகி) பொறுப்பு தம் சந்ததியாரில் தகுதியானவருக்குச் செல்ல வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்தால், மார்க்கத்துக்கு முரணில்லாதவரை அது மதிக்கப்படும். எழுதிவைக்காமல் போயிருந்தால், முத்தவல்லியை நியமிக்கும் அதிகாரம் இறுதியில் காழியிடம் செல்கிறது; வக்ஃபு செய்தவரின் உறவினர்களில் பொறுப்புக்குத் தகுதியானவர் இருக்கும்போது வெளியாரை நியமிக்க வேண்டாம் என்று ஹனஃபி நூல்கள் காழிக்கே அறிவுறுத்துகின்றன. தம் முன்னோர் செய்த அறம் நிலைக்க வேண்டும் என்ற அக்கறை அவர்களிடம் கூடுதலாக இருக்கும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் இங்கெல்லாம் 'தகுதியானவர்' என்ற நிபந்தனை விடாமல் தொடர்வதைப் பாருங்கள். பருவமடைந்தவராக, அறிவுத் தெளிவுள்ளவராக, நம்பகமானவராக, காரியத்தை நடத்தும் திறனுள்ளவராக இருக்க வேண்டும். நம்பிக்கைத் துரோகம் செய்தால், அவர் வக்ஃபு செய்த அதே மனிதராகவே இருந்தாலும், காழி அவரை நீக்கியாக வேண்டும் என்ற அளவுக்கு அறிஞர்கள் உறுதியாக இருந்திருக்கிறார்கள். வக்ஃபு செய்தவரையே நீக்கலாம் என்றால் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தலைமுறைப் பொறுப்புக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கஅபாவின் சாவி. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, அந்தச் சாவி அப்துத் தார் குலத்தைச் சேர்ந்த உஸ்மான் பின் தல்ஹா அவர்களிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் சாவியை வாங்கி உள்ளே சென்று திரும்பியபோது, அதைத் தம் சொந்தக் குடும்பத்தாருக்குத் தரும்படி கேட்கப்பட்டது. ஆனால் அவர்கள் அதை உஸ்மானிடமே திருப்பிக் கொடுத்தார்கள். "அமானிதங்களை (நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றை) அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் உங்களுக்குக் கட்டளையிடுகிறான்" என்ற நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்த நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்கிறார்கள். இன்றுவரை அதே குலத்தின் பனூ ஷைபா குடும்பத்தாரே அந்தச் சாவியை வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியின் பொறுப்பில் இருப்பது இஸ்லாத்துக்கு அந்நியமானதன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சாவி எதற்காக? அதே ஆலயத்தின் பொறுப்பைக் குறைஷிகள் சுமந்திருந்த காலத்தில், அவர்கள் முஸ்லிம்களை அங்கே வரவிடாமல் தடுத்தார்கள். அப்போது குர்ஆன், "அவர்கள் அதன் பொறுப்பாளர்களாக இல்லை, இறையச்சம் உடையவர்களே அதன் பொறுப்பாளர்கள்" என்று அறிவித்தது (அன்ஃபால், 34). பரம்பரையும் பழக்கமும் கையில் இருந்தும், மக்களைத் தடுத்த காரணத்தால் அவர்களுடைய தகுதி பறிபோனது. பின்னர் நபி (ஸல்) அவர்கள் தம் உறவினர்களான அப்து மனாஃப் குலத்தாரை அழைத்து, இந்த ஆலயத்தைச் சுற்றிவந்து இரவிலோ பகலிலோ எந்நேரமும் தொழ விரும்புகிற எவரையும் தடுக்காதீர்கள் என்று கட்டளையிட்டார்கள். பள்ளிகளில் அல்லாஹ்வின் பெயர் நினைவுகூரப்படுவதைத் தடுப்பவரைவிட அநியாயக்காரர் யார் என்று பகரா அத்தியாயத்தின் 114ஆம் வசனம் கேட்கிறது. இளம்பிறை அவர்களே, உங்கள் உறவினர்கள் யாரையாவது பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அதை முதலில் திருத்துங்கள். தொழுகையைக் குழப்புகிறவரை அமைதிப்படுத்தும் பொறுப்பு முத்தவல்லிக்கு உண்டு; பிடிக்காதவரை வாசலில் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஜமாஅத்தாரின் பெரும்பான்மை வாதத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது, ஓர் எல்லையும் இருக்கிறது. மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட பள்ளிகளில் இமாமைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் கருத்து வேறுபட்டால், பெரும்பான்மையோரின் சொல்படி நடக்க வேண்டும் என்று மாவர்தி எழுதுகிறார். ஒருவரை ஏற்றுக்கொண்ட பிறகு, அவருடைய நிலையில் மாற்றம் ஏற்படாதவரை அவரை நீக்கக் கூடாது என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். ஆண்டுக்கு ஓர் இமாமை மாற்றுவதைப் பெருமையாக நினைக்கிற நிர்வாகங்கள் எந்தத் தரப்பைச் சேர்ந்தவையாக இருந்தாலும், இந்த வரியைப் படித்துப் பார்ப்பது நல்லது.


வைகறை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரர் இளம்பிறை கேட்டவற்றில் கணக்கைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. என் பார்வையில் அதுவே மூன்றிலும் முக்கியமானது. பள்ளிவாசல் சச்சரவுகள் பெரும்பாலும் மார்க்கக் கருத்து வேறுபாட்டின் பெயரால் பேசப்பட்டாலும், அடியில் கிடப்பது காட்டப்படாத கணக்காகவே இருக்கிறது.

முத்தவல்லியின் கை அமானிதத்தின் கை என்பது ஃபிக்ஹில் நிலைபெற்ற விதி. அவர் கவனக்குறைவோ அத்துமீறலோ இல்லாமல் இழப்பு ஏற்பட்டால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை; கவனக்குறைவாலோ அத்துமீறலாலோ ஏற்பட்டால் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும். அப்படியானால் இரண்டில் எது நடந்தது என்று தெரிவதற்குக் கணக்கு வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது" என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் (உரைமேடையில்) ஏறி, அவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். அந்த மனிதர் வந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள் என்றே புகாரியின் ஓர் அறிவிப்பு கூறுகிறது. நபித்தோழர் ஒருவரிடமே கணக்குக் கேட்கப்பட்டிருக்கும்போது, "எங்களை நம்பவில்லையா?" என்று முத்தவல்லி முகம் சுளிப்பதற்கு நியாயமில்லை.

நேர்மைக்குப் பெயர் பெற்ற முத்தவல்லியிடம் மொத்தக் கணக்கைப் பெற்றுக்கொண்டாலே போதும் என்றும், ஐயத்துக்கு இடமிருந்தால் ஒவ்வோர் இனமாக விளக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் பிற்கால ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. இதைச் சிலர் கணக்குக் காட்டாமல் இருப்பதற்கு ஆதாரமாக்குகிறார்கள். அந்த நூல்கள் பேசுவது காழிக்கும் முத்தவல்லிக்கும் இடையே உள்ள நடைமுறையைப் பற்றி. இன்று பல இடங்களில் மேற்பார்வை செய்ய அப்படியொரு காழியே இல்லை. கேட்க ஆளில்லாத நிலையில், தாமாக முன்வந்து எழுத்தில் காட்டுவதுதான் பொறுப்பாளரை அவதூற்றிலிருந்தும், மக்களைத் தவறான எண்ணத்திலிருந்தும் காப்பாற்றும்.

செலவு செய்வதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வக்ஃபு வருமானத்தில் முதற்செலவு, கட்டடத்தைப் பழுதின்றிக் காப்பதற்கே. வக்ஃபு செய்தவர் அதைக் குறிப்பிடாமல் விட்டிருந்தாலும் அப்படியே. அதற்குப் பின் இமாம் போன்று பள்ளியின் உயிரோட்டத்தைக் காப்பவர்கள், அதற்குப் பின்பே மற்றவை. இமாமின் ஊதியத்தை நிலுவையில் வைத்துவிட்டு அலங்கார விளக்கு வாங்குவது இந்த வரிசையைக் கவிழ்ப்பதாகும். குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்ட பணத்தை அதற்கே செலவழிக்க வேண்டும். ஜகாத் பணத்தைப் பள்ளி கட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பள்ளிக்குச் சேர்ந்த கடையோ வீடோ இருந்தால், அதைச் சந்தை வாடகைக்குக் குறைவாக யாருக்கும் விடக் கூடாது. முத்தவல்லியின் உறவினருக்கு விடும்போது இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

முத்தவல்லி ஊதியம் பெறலாமா என்றால், பெறலாம். உமர் (ரலி) அவர்கள் தம் வக்ஃபைக் கவனிப்பவர் அதிலிருந்து நியாயமான அளவு உண்பதில் குற்றமில்லை, ஆனால் அதைக்கொண்டு சொத்துச் சேர்க்கக் கூடாது என்று எழுதினார்கள். இன்னோர் இடத்தில், அல்லாஹ்வின் பொருளில் தம் நிலையை அநாதையின் பொறுப்பாளரது நிலைக்கு ஒப்பிட்டு, வசதி இருந்தால் விலகிக்கொள்வேன், தேவை வந்தால் முறைப்படி எடுத்துக்கொள்வேன் என்றார்கள். அந்தக் கைபர் வக்ஃபின் பொறுப்பைத் தமக்குப் பின் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கும், அவருக்குப் பின் குடும்பத்தில் நல்ல கருத்துடையவர்களுக்கும் அவர்கள் ஒப்படைத்தார்கள். முத்தவல்லி பொறுப்பு என்றதுமே குடும்பத்து ஆண்களை மட்டும் எண்ணிப் பார்க்கிறவர்கள், உமர் (ரலி) அவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் கணக்கு எழுதத் தெரிந்த, பள்ளியின் மீது அக்கறை கொண்ட பெண்கள் இருக்கக்கூடும். அவர்களை யாராவது கேட்டுப் பார்த்தீர்களா?

அறிஞர்கள் சொன்ன இன்னொரு விதியையும் குறிப்பிட்டுவிடுகிறேன். முத்தவல்லி பொறுப்பைத் தேடிக் கேட்டு வருகிறவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பார்கள். வக்ஃபு செய்தவரின் நிபந்தனைப்படி ஏற்கெனவே உரிமை பெற்றவர் கோருவது இதில் அடங்காது. ஆனால் இரு தரப்பாரும் ஒரு பொறுப்புக்காக வழக்கு வரை செல்லத் துடிக்கும்போது, அந்த ஆர்வம் பள்ளிக்கு உழைப்பதற்கா என்று அவரவர் தம்மையே கேட்டுக்கொள்வது கடமையாகிறது. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டித் துடைத்துவந்த ஒருவர் இறந்தபோது, அதை எளிய செய்தியாக எண்ணித் தோழர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்து, அடக்கத்தலத்துக்கே சென்று அவருக்காகத் தொழுகை நடத்தினார்கள். அவரிடம் சாவியும் இல்லை, கணக்கேடும் இல்லை. பள்ளிக்கு அவர் செய்த பணி மட்டும் இருந்தது.


இளம்பிறை எழுதியது:

மூவருக்கும் ஜஸாகுமுல்லாஹு கைரன். விற்பனைப் பேச்சுக்கும் கணக்குக்கும் தெளிவான விடை கிடைத்துவிட்டது. இந்தக் கருத்துகளை அப்படியே இரு தரப்பாருக்கும் படித்துக் காட்டப்போகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பள்ளியைக் கட்டுவதற்கு முன்பு பாட்டனார் தம் வீட்டின் முன்னறையில் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து தொழுதுவந்தார். அந்த அறை இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதுவும் வக்ஃபா என்று என் சகோதரர் கேட்கிறார். அடுத்து, பள்ளியின் தரைக்குக் கீழே ஒரு அறை உண்டு. எங்கள் குடும்பத்தின் பொருள்களை இப்போது அங்கேதான் வைத்திருக்கிறோம். அதற்கென வாடகை எதுவும் கொடுத்ததில்லை.


நூல்தேடி எழுதியது:

முன்னறை உங்கள் வீட்டின் பகுதிதான், கவலை வேண்டாம். பார்வை குன்றியிருந்த இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்கள், மழைக்காலத்தில் பள்ளிக்கு வர இயலவில்லை என்பதால், தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழும்படியும், அதைத் தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்ளப் போவதாகவும் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து தொழுதார்கள். அதனால் அந்த வீடு பள்ளிவாசல் ஆகிவிடவில்லை. வீட்டுக்குள் தொழுவதற்கென ஒதுக்கிய இடம், பொதுமக்களுக்காக நிரந்தரமாக உடைமையிலிருந்து பிரித்துவிடப்படாதவரை வீட்டுக்காரரின் சொத்தாகவே இருக்கும். அதை விற்கலாம், வாரிசுகள் பிரித்துக்கொள்ளலாம். பாட்டனார் அந்த அறையையும் வக்ஃபு செய்வதாகச் சொன்னதற்கு எழுத்தோ சாட்சியோ இருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

கீழறையின் செய்தி அப்படி எளிதானதன்று. அடியில் நிலவறையோ மேலே அறையோ தமக்கென வைத்துக்கொண்டு இடையில் பள்ளி அமைத்தால், அந்த இடம் முழுமையாக அல்லாஹ்வுக்கென ஆகாததால் அது பள்ளிவாசலே ஆகாது, கட்டியவர் அதை விற்கவும் செய்யலாம் என்று ஹனஃபி நூலான ஹிதாயா கூறுகிறது. அந்த நிலவறை பள்ளியின் நலனுக்கென அமைந்திருந்தால் தடையில்லை, ஜெரூசலத்தின் பைத்துல் முகத்தஸில் இருப்பது போல என்றும் அதே நூல் சேர்த்துச் சொல்கிறது. எனவே அந்த அறை பள்ளிக்காகவே கட்டப்பட்டது என்று கொள்வதுதான் உங்கள் பாட்டனாரின் அறத்தைக் காப்பாற்றுகிற பொருள். தலைமுறைகளாக ஜும்ஆ நடக்கும் பள்ளியில், அவர் வேறு நோக்கம் வைத்திருந்தார் என்று ஆதாரமில்லாமல் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அப்படியானால் அதில் உங்கள் குடும்பத்தின் பொருள்கள் இருக்கக் கூடாது. அவற்றை அப்புறப்படுத்துங்கள்; இதுவரை பயன்படுத்திய காலத்துக்கு அந்த வட்டாரத்தில் நிலவும் வாடகையைக் கணக்கிட்டுப் பள்ளியின் வரவில் சேர்த்துவிடுங்கள். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் வக்ஃபு சொத்தை வாடகையின்றிப் பயன்படுத்தியவரும் ஒத்த வாடகை தர வேண்டும் என்றே தீர்ப்பளித்திருக்கிறார்கள். கூட்டத்தில் கணக்கைப் படிக்கும்போது இந்தத் தொகை முதல் வரியாக இருக்கட்டும்.

வக்ஃபு சாசனம் எழுத்தில் இருக்கிறதா என்பதை நீங்கள் எங்கும் குறிப்பிடவில்லை. இருந்தால், மேலே நாங்கள் எழுதிய எல்லாவற்றுக்கும் முன்பாக அதைப் படித்துப் பாருங்கள். முத்தவல்லி பொறுப்பைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தாலும் அதுவே முன்னிற்கும். இல்லையென்றால், பாட்டனாரின் காலத்தை அறிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை இரு தரப்பாரின் முன்னிலையில் எழுதிக் கையொப்பம் வாங்கி, உங்கள் நாட்டுச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ளுங்கள்.